தொங்கானில் ஏறிய தமிழ்: ப. சிங்காரத்தின் வாழ்வும் எழுத்தும்

(வானொலி இலக்கியத் தொடரில் பல்லேபொலயைச் சேர்ந்த தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரில் இன்று நாம் எடுத்துக்கொள்ளும் எழுத்தாளர் இரண்டே இரண்டு நாவல்களை எழுதியவர். பதினெட்டு வயதிலே கப்பலேறிக் கடல் கடந்து போனார். யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பினார். அதன் பின்னர் நாற்பது ஆண்டுகள் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவிலே இருந்து, ஓய்வு பெற்று, ஆரவாரமின்றி மறைந்துபோனார். அவர் பெயர் ப. சிங்காரம். அவருடைய நாவல்கள் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்பன.

தமிழகத்து எழுத்தாளர் ஒருவரைப் பற்றி மாத்தளை மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் பேசுவதற்குக் காரணம் உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னர், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து புறப்பட்ட எமது முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த நடைப்பயணத்தில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அதே சீமையிலிருந்து வேறொரு கூட்டம் நாகபட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலேயாவுக்கும் பர்மாவுக்கும் சுமாத்திராவுக்கும் போயிற்று. ஒரே மண், ஒரே பஞ்சம், ஒரே பேச்சு. போன திசைதான் வேறு. ஆகவே சிங்காரம் எழுதிய கதை எங்கள் கதையின் மறுபக்கம் என்று கொள்ளலாம்.

முதலில் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

சிங்காரம் 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி சிங்கம்புணரியிலே பிறந்தார். அன்று அவ்வூர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் ஜவுளி வியாபாரி. உள்ளூரிலே ஆரம்பக் கல்வியையும், மதுரை சென் மேரிஸ் பாடசாலையிலே மேற்கல்வியையும் பெற்றார். 1938இல் சுமாத்திராத் தீவிலுள்ள மேடான் நகருக்குப் போய், அங்கே வட்டிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தோனேசியா அப்போது ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது. மேடானைச் சுற்றிலும் புகையிலைத் தோட்டங்கள், றப்பர்த் தோட்டங்கள். பக்கத்திலே பெலவான் துறைமுகம். சீனர், மலாய்க்காரர், யாவாக்காரர், ஒல்லாந்தர், தமிழர், சீக்கியர் என்று பல சனங்கள் கலந்து வாழ்ந்த நகரம் அது.

வட்டிக்கடை என்றால் என்னவென்று இன்றைய இளைய தலைமுறைக்குச் சற்று விளக்க வேண்டியுள்ளது. கடைக்கு முதலாளியின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்ட ஒரு விலாசம் இருக்கும். முதலாளியின் சார்பிலே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்தபடியில் இருப்பவர் அடுத்தாள். எல்லோருக்கும் கீழே, பணப்பெட்டியின் அருகிலே உட்கார்ந்து எடுபிடி வேலை செய்து தொழில் பழகுபவன் பெட்டியடிப் பையன். பொதுவாக மூன்று வருஷத்துக்கு ஒரு கணக்கு. கணக்கு முடிந்ததும் ஊருக்குப் போய்வரலாம். கலியாணம், வீடு, நிலம், கோயில் திருப்பணி எல்லாம் ஊரிலே. உழைப்பு மாத்திரம் கடலுக்கு அப்பால். கொழும்புச் செட்டியார் தெருவின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. எங்கள் தோட்டங்கள் சிலவற்றுக்கும் ஒரு காலத்தில் அத்தெருவிலிருந்துதான் கடன் வந்தது.

இந்த வாழ்க்கை 1942இலே தலைகீழாயிற்று. அவ்வாண்டு மார்ச் மாதம் யப்பானியப் படைகள் சுமாத்திராவிலே இறங்கி மேடானுக்குள் புகுந்தன. மலேயாவும் சிங்கப்பூரும் அதற்கு முன்னரே விழுந்துவிட்டன. ஊருக்குப் போகும் கப்பல் நின்றது, கடிதம் நின்றது, உண்டியல் பணம் நின்றது. 1943 ஜூலையில் சிங்கப்பூரிலே சுபாஷ் சந்திரபோஸ் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளரும் வட்டிக்கடை அடுத்தாள்மாரும் ஒரே அணியிலே நின்று துவக்குப் பிடித்தார்கள். தமிழ்த் தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணி படையிலே சேர்ந்தார்கள். மறுபுறத்தில், மலேயாத் தோட்டங்களிலிருந்து சியாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள். 1945 ஆகஸ்ட் 15இல் யப்பான் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, 17ஆம் திகதி, இந்தோனேசியா தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. ஒல்லாந்தர் திரும்பி வந்தனர். மீண்டும் போர் மூண்டது. 1949 டிசம்பரிலேதான் ஒல்லாந்தர் இறைமையைக் கையளித்தார்கள்.

இவ்வளவு பெரிய பிரளயத்தின் பெரும்பகுதியைச் சிங்காரம் நேரிலே கண்டார். அவருடைய சொந்த வாழ்விலும் அக்காலத்திலேயே ஒரு பேரிழப்பு நேர்ந்தது. கடல் கடந்த மண்ணிலே அவர் மணந்த பெண்ணும் குழந்தையும் பிரசவத்தின்போது இறந்துபோயினர். 1946இலே தனி மனிதராக ஊர் திரும்பினார். பின்னர் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1947இல் மதுரையிலே 'தினத்தந்தி' நாளிதழில் சேர்ந்தார். அந்தப் பத்திரிகையை 1942இல் மதுரையிலே தொடங்கிய சி. பா. ஆதித்தனாரும் சிங்கப்பூரிலே வழக்கறிஞராக இருந்து யுத்தத்தின்போது திரும்பியவர்தான். எழுத்துக்கூட்டி வாசிப்பவனுக்கும் விளங்கவேண்டும் என்பது அந்தப் பத்திரிகையின் கொள்கை. சிறிய வாக்கியம், பேச்சுக்கு நெருங்கிய சொல், பெரிய தலைப்பு. அந்த மேசையிலே சிங்காரம் 1987 வரை இருந்தார். மதுரை வை.எம்.சி.ஏ. விடுதியின் ஓர் அறையே அவருக்கு வீடாயிற்று. நிறைய வாசித்தார், இலக்கியக் கூட்டங்களிலே அதிகம் தலைகாட்டவில்லை. சேமித்த பணத்தை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென்று கொடுத்துவிட்டு, 1997 டிசம்பர் 30ஆம் திகதி காலமானார்.

இந்த இடத்திலே எமது நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவரை நினைத்துக்கொள்வது பொருத்தம். அவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்து 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டவர். சட்டசபை வரை சென்று வாதாடியவர். அவர் 1947இலே மறைந்தார். அதே ஆண்டில்தான் சிங்காரம் மதுரையிலே பத்திரிகை வேலைக்குச் சேர்ந்தார். நடேசய்யருக்குப் பத்திரிகை ஓர் ஆயுதம். புலம்பெயர்ந்து வந்த இடத்திலே நின்று அவர் போராடினார். சிங்காரத்துக்கோ பத்திரிகை ஒரு சீவனோபாயம். புலம்பெயர்ந்த வாழ்வை முடித்துக்கொண்டு வந்து, தான் கண்டதை மனத்திலே வைத்து, நாவலாக்கினார். ஒருவர் குரலெழுப்பினார், மற்றவர் நினைவை எழுதிவைத்தார். கடல் கடந்த ஒரு சமூகத்துக்கு இருவருமே தேவை.

இனி நாவல்களுக்கு வருவோம்.

'கடலுக்கு அப்பால்' 1950இலே எழுதப்பட்டது. 'கலைமகள்' நடத்திய நாவல் போட்டியிலே பரிசு பெற்று 1959இலே வெளியாயிற்று. கதை நடக்கும் இடம் மலேயா, பெரும்பாலும் பினாங்கு. செல்லையா என்ற இளைஞன் வானாயீனா என்ற முதலாளியின் வட்டிக்கடையிலே தொழில் பழகியவன். முதலாளியின் மகள் மரகதத்தை விரும்புகிறான். இடையிலே யுத்தம் வருகிறது. செல்லையா இந்திய தேசிய இராணுவத்திலே சேர்ந்து போர்க்களம் காண்கிறான். யுத்தம் முடிந்து திரும்பியபோது முதலாளிக்கு அவன்மேல் பழைய நம்பிக்கை இல்லை. துவக்குப் பிடித்த கைக்குப் பேரேடு ஒத்துவராது என்பது அவருடைய கணக்கு. மரகதத்தை வேறொருவனுக்குக் கொடுக்கத் தீர்மானிக்கிறார்.

இதைக் காதல் தோல்விக் கதை என்று மாத்திரம் படித்தால் நாவலின் உயிர் தப்பிவிடும். வானாயீனா கொடியவர் அல்லர். தன் தொழிலுக்கும் தன் குடும்பத்துக்கும் எது நல்லது என்று தான் நம்பியதையே அவர் செய்கிறார். செல்லையாவுக்கும் அது விளங்குகின்றது. விளங்குவதனால்தான் வலி இரட்டிப்பாகின்றது. பெரிய வரலாறு ஒரு மனிதனை வீரனாக்கிவிட்டுப் போய்விடுகிறது. அதன் பின்னர் அவன் அடுத்தாளாகவும் வாழமுடியாமல் வீரனாகவும் வாழமுடியாமல் நிற்கிறான். யுத்தம் கண்ட எமது நாட்டிலே இந்த நிலையை எவருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை.

அடுத்தது 'புயலிலே ஒரு தோணி'. எழுதப்பட்டது 1962இல். கலைஞன் பதிப்பகம் அதை நூலாக வெளியிட்டது 1972இல். நடுவே பத்து ஆண்டுகள் அது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது.

யப்பானியப் படை மேடானுக்குள் நுழைவதோடு நாவல் தொடங்குகின்றது. கதைத் தலைவன் பாண்டியன், சின்னமங்கலத்துக்காரன், படித்தவன், கூர்மையான நாக்குடையவன். மேடானிலிருந்து பினாங்குக்கு அவனும் சில தமிழ் வணிகரும் சரக்கேற்றிய ஒரு தொங்கானிலே புறப்படுகிறார்கள். தொங்கான் என்பது அந்தக் கடற்பகுதியிலே ஓடும் மரக்கலம். மலாக்கா நீரிணையிலே புயல் பிடிக்கிறது. தமிழ் நாவலிலே கடலை இவ்வளவு அருகில் கொண்டுவந்து காட்டிய பக்கங்கள் மிகக் குறைவு. அலையின் உயரத்தை அளந்து சொல்வதிலே அவருக்கு நாட்டமில்லை. கயிறு, பாய், சரக்கு மூட்டை, குடல் புரளும் வாந்தி, உயிர்ப்பயம், பயத்தின் நடுவிலும் பேரம் பேசும் மனிதன், இவையெல்லாம் சேர்ந்துதான் அங்கே புயலாகின்றன.

பினாங்கிலே பாண்டியன் மாணிக்கம் முதலான நண்பர்களோடு சேர்கிறான். இந்திய தேசிய இராணுவத்திலே சேர்கிறான். யுத்தம் முடிந்ததும் மீண்டும் சுமாத்திராவுக்குப் போய் இந்தோனேசிய விடுதலைப் போரிலே கெரில்லாவாக நிற்கிறான். தனக்குச் சொந்தமில்லாத ஒரு நாட்டின் விடுதலைக்காகப் போராடும் தமிழனை இங்கே காண்கிறோம். இவ்வளவும் செய்யும் பாண்டியனின் மனம் ஓயாமல் சின்னமங்கலத்துச் சந்தையிலும் மதுரை வீதிகளிலும் அலைந்துகொண்டே இருக்கிறது. கடைகள், வண்டிகள், விலைப்பேச்சு, பலகார வாசனை என்று பக்கம் பக்கமாக ஊர் திரும்பி வருகிறது. ஆனால் பாண்டியன் ஊர் திரும்புவதில்லை. அந்நிய மண்ணிலேயே குண்டடிபட்டு மடிகிறான்.

சிங்காரம் ஊருக்கு வந்துவிட்டார்; அவருடைய பாண்டியன் வரவில்லை. இந்த வேறுபாட்டிலேதான் நாவலின் உண்மை இருக்கிறது என்று நான் கருதுகின்றேன். கப்பலேறி வந்துவிட்டால் திரும்பியதாகிவிடுமா? போன பையன் வேறு, வந்த மனிதன் வேறு. அவன் விட்டுப்போன ஊரும் அங்கே இல்லை. தான் திரும்பி வந்ததை எழுதாமல், திரும்ப முடியாத ஒருவனை அவர் படைத்திருப்பது தற்செயலாக இராது.

அவருடைய மொழியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும். எமது உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இந்த நாவலை அறிமுகப்படுத்தும் போதெல்லாம், 'சேர், இதிலே இவ்வளவு அந்நியச் சொல் ஏன்?' என்று யாராவது கேட்பார்கள். மலாய், சீனம், ஒல்லாந்து, யப்பான், இந்துஸ்தானி எல்லாம் தமிழோடு கலந்து கிடக்கின்றன. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பதுண்டு: 'பெரட்டு' எந்த மொழி? 'செக்றோல்' எந்த மொழி? 'கண்டாக்கையா' எந்த அகராதியில் இருக்கிறது? 'கொந்தரப்பு', 'கவ்வாத்து' என்பவற்றை நம் பாட்டிமார் எந்தப் பள்ளிக்கூடத்திலே படித்தார்கள்? பிழைக்கப் போன இடத்திலே வேலையோடு சேர்ந்து சொல்லும் வருகின்றது. அந்தச் சொல்லை நீக்கிவிட்டுத் தூய தமிழிலே எழுதினால் வேலையும் மறைந்துவிடும். வேலை செய்தவனும் மறைந்துவிடுவான். இதைச் சிங்காரம் அறிந்திருந்தார். மேடான் தெருவிலே காதில் விழுந்ததை அப்படியே எழுதினார். 

இன்னொரு விடயம் தமிழாசிரியர்களாகிய எங்களைச் சற்று நெளிய வைக்கும். பாண்டியனும் மாணிக்கமும் பழந்தமிழ் இலக்கியத்தை நன்கு கற்றவர்கள். கற்றதனாலேயே தமிழரின் வெற்றுப் பெருமையை எள்ளி நகையாடுகிறார்கள். கடாரம் கொண்ட சோழனின் பெயரைச் சொல்லி மேடையிலே முழங்குகிறோம். அதே கடாரத்துக் கரையிலே அந்தச் சோழ நாட்டுப் பிள்ளை அந்நியனின் தோட்டத்திலே பால் வெட்டுகிறான், அல்லது வட்டிக்கணக்கு எழுதுகிறான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி நாவல் எங்களை வற்புறுத்துகின்றது. இதனைத் தமிழ் விரோதம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. வகுப்பறையிலே பட்டினப்பாலையின் துறைமுகத்தைப் பாடமாக நடத்துகின்ற எனக்கு, பெலவான் துறைமுகத்தையும் அதற்கு அடுத்த பாடமாக நடத்தத் தோன்றுகின்றது. முன்னையதிலே பொருள் வந்து இறங்கியது. பின்னையதிலே மனிதன் போய் இறங்கினான். இரண்டும் சேர்ந்ததுதான் தமிழரின் கடல் வரலாறு.

பத்திரிகைத் தொழில் இந்த நாவலாசிரியருக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வி எழலாம். வெளியிலே பார்த்தால் இரண்டும் எதிரெதிரானவை. செய்திமேசையிலே நீளமானதை வெட்டிச் சுருக்கவேண்டும். நாவலிலே அவர் விரித்துக்கொண்டே போகிறார். மேடான் வீழ்ந்தது என்பது ஒரு தந்திச் செய்தி. அதிலே ஊரும் திகதியும் படையின் பெயரும் இருக்கும். அன்று கடைத்தெருவிலே எந்தக் கடை திறந்திருந்தது, யார் எதைச் சூறையாடினான், யார் யாருக்குப் பயந்து பூட்டை இறுக்கினான் என்பது அதிலே இராது. அந்தத் தந்தியிலே இடம் பெறாத மனிதர்களுக்குத்தான் சிங்காரம் நாவலிலே இடம் கொடுத்தார். ஆயினும் செய்தியாளனின் ஒழுக்கம் நாவலிலும் தெரிகின்றது. ஆளைக் காட்டுவார், செயலைக் காட்டுவார், பேச்சைக் கேட்க வைப்பார். 'ஐயோ பாவம்' என்று தாமே முந்திக்கொண்டு அழமாட்டார். போரைப் பற்றி எழுதும் பலருக்கு இந்த அடக்கம் கைவருவதில்லை.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பெண் பாத்திரங்கள் போதிய அளவு உருப்பெறவில்லை. மரகதத்தின் மனம் ஓரளவு தெரிகின்றது. இரண்டாவது நாவலிலே பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் கண் வழியாகவே வந்து போகிறார்கள். பாண்டியனின் வீரச் செயல்கள் சில இடங்களிலே துப்பறியும் கதையை நினைவூட்டுகின்றன. எங்களுக்கு முக்கியமான இன்னொரு குறையும் உண்டு. தோட்டத் தொழிலாளி அவருடைய உலகத்தின் ஓரத்திலேதான் நிற்கிறான். பேரேட்டின் பக்கத்திலிருந்து பார்த்த புலம்பெயர்வை அவர் எழுதினார். செக்றோலிலே பேர் விழுந்தவனின் புலம்பெயர்வை எழுதவில்லை. அது அவருடைய அனுபவம் அன்று. அதை எழுதவேண்டியவர்கள் தோட்டத்திலே பிறந்தவர்கள்.

எங்களவர்கள் எழுதவில்லை என்று சொல்லமுடியாது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' என்று ஒரு வரிசை இருக்கின்றது. எமது மாவட்டத்திலே மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன், பின்னர் அவுஸ்திரேலியா சென்று எழுதிய மாத்தளை சோமு ஆகியோர் இருக்கிறார்கள். சிங்காரத்தை இந்த வரிசையோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் கடல் கடந்த தமிழரின் படம் முழுமை பெறும்.

இங்கே 'தோணி' என்ற சொல்லைப் பற்றி நேயர்களோடு ஒரு விடயத்தைப் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். எமது நாட்டிலே அது ஒரு வசைச் சொல்லின் பாதி. 'கள்ளத்தோணி' என்று எங்களவர்களைக் கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. ஆள் கட்டும் கங்காணியின் கையால், அரசாங்கத்தின் சட்டப்படி, முகாமிலே தங்கிப் பரிசோதனை முடித்து வந்தவனின் பேரப்பிள்ளைக்கும் அந்தப் பெயர்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரிலே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இலே பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். மிஞ்சியிருந்தோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒரு முடிவு வந்தது.

அந்த ஒப்பந்தத்தினால் தலைமன்னாரிலே கப்பலேறிப் போனவர்களை நீலகிரியிலும் கூடலூரிலும் 'சிலோன்காரர்' என்றார்கள். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். பாண்டியனின் கதையிலே நாம் கண்ட அதே நிலைதான் இது. ஒரு வேறுபாடு உண்டு. பாண்டியன் தானாகப் போனான், தானாகத் திரும்ப நினைத்தான். எங்களவர்களின் போக்குவரவைக் கங்காணியும் அரசாங்கங்களும் தீர்மானித்தன. புயலிலே அகப்பட்ட தோணி என்று சிங்காரம் தன் நாவலுக்குப் பெயரிட்டபோது, அந்தச் சொல்லுக்கு ஒரு கண்ணியம் கிடைத்தது. தோணியிலே வந்தவன் கள்வன் அல்லன். புயலைக் கடந்து வந்தவன்.

அவருடைய நாவல்களுக்கு அவர் வாழ்ந்த காலத்திலே போதிய வரவேற்புக் கிடைக்கவில்லை. சி. மோகன் போன்ற சில விமர்சகர்களே அதன் தரத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று நிலைமை வேறு. பல பதிப்புகள் வந்துவிட்டன; தமிழின் மிகச் சிறந்த நாவல்களுள் ஒன்றாகப் பலரும் 'புயலிலே ஒரு தோணி'யைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் 1962இலே இரண்டாவது நாவலை முடித்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அதன் பின்னர் முப்பத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருந்தார். மூன்றாவது நாவல் வரவில்லை. ஓர் எழுத்தாளன் எழுதாமல் இருப்பதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். ஆயினும், எழுதியதைப் படித்தோம் என்று சொல்ல நாலு பேர் இல்லாத இடத்திலே பேனா ஓடுவது கடினம். தமிழ் வாசகர் சமூகம் காலந்தாழ்த்திக் கொடுத்த பாராட்டு ஒரு நாவலைக் காப்பாற்றியது. எழுதப்படாத நாவல்களை அதனால் மீட்க முடியவில்லை.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை இருக்கின்றது. எங்கள் தோட்டங்களிலும் கிராமங்களிலும் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெரட்டுக் களத்தையும் பீலிக்கரையையும், 'பாஸ்போட்டுக் கிடைத்துப் போன' உறவுகளை றயிலேற்றி அழுத நாளையும் சொல்லக்கூடியவர்கள். அவர்களுடைய பேச்சை, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே, மாணவர்கள் எழுதிவைக்கவேண்டும். திருத்த வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம். சிங்காரம் மேடானின் கடைத்தெருவை மனத்திலே சுமந்து வந்து எழுதினார். எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. அடுத்த லயத்துக்குப் போனால் போதும். எழுதுபவர்கள் ஊரிலே யாராவது இருந்தால், அவர்கள் எழுதியதைப் படித்து, படித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வதும் எங்கள் கடமை.

நாவல்களைப் படிக்க விரும்பும் நேயர்கள் முதலிலே 'கடலுக்கு அப்பால்' நாவலை எடுத்துக்கொள்ளலாம். அது அளவிலே சிறியது. வட்டிக்கடை உலகமும் அதன் சொற்களும் அதிலே பழகிவிடும். அதன் பின்னர் 'புயலிலே ஒரு தோணி'க்குள் நுழைந்தால் வழி தவறாது. தெரியாத சொல் வந்தால் நிற்கவேண்டாம், மேலே வாசியுங்கள். பத்துப் பக்கம் தாண்டியதும் அந்தச் சொல் தானாகவே விளங்கிவிடும். புதிய ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் மொழி கற்றது அப்படித்தான்.

 வணக்கம்.